வயசு செய்ததும் வெயில் செய்ததும்

காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி பக்கத்து மாந்தோப்புகளில் சீசன் சமயத்தில் காய் பொறுக்கும் பெண்களிடம் வயதைக் கேட்டால் நமக்கே சங்கடமாகிவிடும். 60ஐத் தாண்டியிருப்பார் என்று மனதில் நினைத்துக்கொண்டு கேட்போம், 48 என்பார். பேங்கில், ரேஷன் கடையில், பஸ்ஸில் எல்லாரும் அவரைப் பாட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள். "உழைச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று ஊரில் ஒரு பதில் தயாராக இருக்கிறது. உழைப்பு தோலைச் சுருக்குவதில்லை. உழைக்கிற நேரமெல்லாம் உச்சியில் நிற்கிற வெயில்தான் சுருக்குகிறது. எப்படிச் சுருக்குகிறது என்பது மூலக்கூறு வரைக்கும் தெரிந்துவிட்ட விஷயம். மாந்தோப்பு வீட்டில் பிறந்து, கிருஷ்ணகிரியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறவள் நான். இதை விரிவாக எழுத வேண்டும் என்று வெகுநாளாக ஆசை.

நம்பாதவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களின் கையைப் பிடித்துப் பார்த்தாலே போதும். எங்கள் அம்மாவின் கையில் ரவிக்கைக் கை முடிகிற இடத்தில் ஒரு கோடு ஓடுகிறது. கோட்டுக்கு மேலே தோல் மெல்லிசாக, மிருதுவாக இருக்கிறது. வயதுக்குரிய நுண்ணிய ரேகைகள் உண்டு, அவ்வளவுதான். கிள்ளிவிட்டால் உடனே படிந்துவிடுகிறது. கோட்டுக்குக் கீழே, வெளிப்பக்கத்தில், நிறம் மட்டும் மாறியிருந்தால் பரவாயில்லை. தோல் தடித்து, சொரசொரத்து, குறுக்கும் நெடுக்கும் வரி விழுந்திருக்கிறது. ஆங்காங்கே கடுகளவும் மிளகளவும் கரும்புள்ளிகள், நடுநடுவே வெளுத்த சிறு பொட்டுகள். கிள்ளினால் மடிப்பு அப்படியே ஒரு நொடி நின்று, அப்புறம்தான் மெதுவாக இறங்குகிறது. இரண்டு இடத்துக்கும் நான்கு விரற்கடைதான் தூரம். ஒரே வயது, ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு. பட்ட வெளிச்சம் மட்டும்தான் வேறு.

ஆயா கடைசிக் காலத்தில் படுத்த படுக்கையாக இருந்தபோது உடம்பு துடைத்துவிடும் வேலை என்னுடையது. ஆயுள் முழுக்கக் காட்டில் கழித்தவர். முகத்தில் மடிப்புக்குள் மடிப்பு. வயிறும் தொடையும் அந்த வயதுக்கு நம்ப முடியாத வழவழப்பு. வயசு மட்டும் தனியாக என்ன செய்யும் என்பதை அந்த வயிற்றுத் தோலில்தான் பார்த்தேன். அது செய்வது ரொம்பக் கொஞ்சம்.

சரி, வெயிலுக்கு வருவோம். சூரியனிடமிருந்து வருவதில் கண்ணுக்குத் தெரிவது ஒரு பங்கு. உடம்பில் சூடாக உறைப்பதில் பெரும்பகுதி அகச்சிவப்பு. கண்ணுக்கும் தெரியாமல், சூடாகவும் படாமல் வருவது புற ஊதா. 1801இல் ஜெர்மனியின் யேனா நகரில் யோகான் வில்ஹெல்ம் ரிட்டர், நிறமாலையில் ஊதாவுக்கு அப்பால், ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்த வெள்ளிக் குளோரைடு மற்ற இடங்களைவிட வேகமாகக் கறுப்பதைக் கண்டுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. அதில் மூன்று வகை. 280 நானோமீட்டருக்கும் குறைவான சி வகையை வளிமண்டலமே, முக்கியமாக ஓசோன், முழுதாகத் தடுத்துவிடுகிறது. 280 முதல் 315 வரை பி. அதற்கு மேல் 400 வரை ஏ. தரைக்கு வந்து சேரும் புற ஊதாவில் ஏறத்தாழ 95 சதவீதம் ஏ, மிச்சம் பி. பி வகை பெரும்பாலும் மேல்தோலோடு நின்றுவிடும். ஏ வகை அடித்தோல் வரைக்கும் இறங்கும். ஜன்னல் கண்ணாடி பி வகையைத் தடுக்கும், ஏ வகையில் பெரும்பங்கை உள்ளே விட்டுவிடும்.

சூடாகப் படாது என்பதுதான் இதில் ஆபத்து. "இன்னிக்கு வெயிலே இல்ல" என்று ஓசூர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் அளவு உயரம், காற்று குளிர்ச்சி. ஆனால் 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும். கிருஷ்ணகிரி டவுனைவிட ஓசூரில் அது கொஞ்சம் அதிகமே தவிரக் குறைவில்லை. புற ஊதாவின் அளவைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுக்குத்தான். நம் மாவட்டம் இருப்பது வடக்கு அட்சரேகை 12.5 டிகிரியை ஒட்டி. அதனால் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் பிற்பாதியிலும் என வருடத்துக்கு இரண்டு முறை நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நிழல் காலடியில் ஒடுங்கும். ஏப்ரலில் எல்லாரும் நிழலைத் தேடுகிறோம். ஆகஸ்டில் மழை பெய்து ஊர் குளிர்ந்திருக்கும், யாரும் கண்டுகொள்வதில்லை. மேகம் விலகிய நேரத்தில் சூரியன் நிற்பது அதே உச்சியில்தான். லேசான மேகமாக இருந்தால் புற ஊதாவில் 80 சதவீதம் வரை புகுந்து வந்துவிடும்.

இனி செல்லுக்குள்.

மேல்தோல் செல்லின் கருவில் டி.என்.ஏ. இருக்கிறது, தைமின் போன்ற வேதி எழுத்துகளை வரிசையாகக் கோத்த இழை அது. பி வகைக் கதிரை டி.என்.ஏ. தானே உறிஞ்சிக்கொள்கிறது. அப்போது பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு தைமின் எழுத்துகள், எதிர் இழையில் உள்ள ஜோடியோடு மட்டும் சேராமல், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதற்குத் தைமின் இருமம் என்று பெயர். ஒட்டிய இடத்தில் இழை வளைந்துவிடும். படியெடுக்க வருகிற நொதி அங்கே தடுக்கி நிற்கும், இல்லையென்றால் தப்பாகப் படிக்கும். நல்லவேளையாக நம் செல்களில் இதைச் சரிசெய்யும் ஏற்பாடு உண்டு. வளைந்த இடத்தைக் கண்டுபிடித்து, அதன் இரு பக்கமும் வெட்டி, சுமார் 30 எழுத்து நீளத் துண்டை எடுத்துப்போட்டு, எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக எழுதி ஒட்டிவிடும். இந்த வேலை எப்படி நடக்கிறது என்று படிப்படியாக விளக்கியதற்காக அஸீஸ் சன்ஜாருக்கு 2015இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். நாம் தோப்பில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே தோலின் ஒவ்வொரு செல்லிலும் இந்த வெட்டலும் எழுதலும் ஓயாமல் நடக்கிறது.

இந்த ஏற்பாடு பிறவியிலேயே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். ஜீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பரம்பரை நோய் அது. அந்தக் குழந்தைகளின் செல்கள் புற ஊதா சேதத்தைச் சரிசெய்வதில்லை என்று 1968இல் ஜேம்ஸ் கிளீவர் கண்டுபிடித்தார். வெயில் பட்ட இடமெல்லாம் சின்ன வயதிலேயே புள்ளி விழுந்து, காய்ந்து, வயதானவர் தோல் மாதிரி ஆகிவிடும். தோல் புற்றும் மிக இளம் வயதிலேயே வரும். தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். அக்கா மகளைக் கட்டும் வழக்கம் இன்னும் விட்டுப்போகாத நம் பக்கத்தில் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. மிக அரிய நோய்தான். ஆனால் வெயிலுக்கும் முதுமைக்கும் நடுவே நிற்பது இந்தப் பழுது பார்க்கும் வேலை என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டவில்லை.

பழுது கைமீறிப் போனால் பி53 என்ற புரதம் தலையிடும். செல் பிரிவதை நிறுத்திவைக்கும், ரொம்ப மோசமென்றால் செல்லைச் சாகவே விடும். அதே பி53 இன்னொரு வேலையும் செய்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனினைத் தயாரிக்கச் சொல்லும் ஹார்மோனுக்கான சமிக்ஞையைக் கிளப்பிவிடுவதும் அதுதான் என்று 2007இல் தெரியவந்தது. அதாவது, வெயிலில் போய் வந்து கறுப்பது என்பது செல்லின் டி.என்.ஏ. அடிபட்ட செய்தி கேட்டு உடம்பு எடுக்கும் தற்காப்பு. தயாரான மெலனின் துகள்கள் பக்கத்துச் செல்களுக்குப் போய், ஒவ்வொரு செல்லிலும் கருவின் மேற்பக்கத்தில், வெளிச்சம் வரும் திசையைப் பார்த்துக் குவிந்து நிற்கும். ஊருக்குப் போனதும் "ஏம்மா, இப்படிக் கருத்துட்ட?" என்று வருத்தப்படுகிற சின்னம்மாக்கள் எல்லாருக்கும் இதைச் சொல்ல வேண்டும். கருத்ததில் கவலைப்பட ஒன்றுமில்லை. கருக்க வைத்தது எதுவோ அதற்குத்தான் கவலைப்பட வேண்டும்.

சுருக்கம் விழுவது மேல்தோலில் இல்லை. மேல்தோல் ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை புதிதாகிக்கொண்டே இருக்கும். அதற்கு அடியில், அடித்தோலில், கொலாஜன் என்ற புரத இழைகள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. தோலின் எடையில், ஈரத்தை நீக்கிவிட்டால், பெரும்பகுதி அதுதான். இதை நெய்வது ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள். தோல் கொலாஜனின் அரை ஆயுள் சுமார் 15 ஆண்டு. 30 வயதில் பழுதான இழை 45 வயதிலும் கணிசமாக அப்படியே கிடக்கும் என்று அர்த்தம்.

1990களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கேரி ஃபிஷரும் ஜான் வூர்ஹீஸும் வெயிலே படாத பிட்டத் தோலில் அளந்து புற ஊதாவைப் பாய்ச்சி, சிறு துண்டுத் தோலை எடுத்துப் பார்த்தார்கள். தோல் சிவப்பதற்குத் தேவையான அளவில் ஒரு சிறு பங்கு பட்டாலே போதும், சில மணி நேரத்துக்குள் கொலாஜனை வெட்டும் நொதிகள் ஏறிவிட்டன. அவற்றுக்கு மேட்ரிக்ஸ் மெட்டலோபுரொட்டினேஸ் என்று நீளமான பெயர். கதிர் பட்டதும் செல்லுக்குள் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன, அவை ஏ.பி.-1 என்ற சமிக்ஞையைத் தட்டி எழுப்புகின்றன, அது ஒரு பக்கம் வெட்டும் நொதிகளை உற்பத்தி செய்ய வைக்கிறது, மறுபக்கம் புதுக் கொலாஜன் நெய்வதையும் நிறுத்திவைக்கிறது. வெட்டுவதும் நடக்கிறது, நெய்வது நிற்கிறது. சிவக்காத, எரியாத, நாம் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாத வெயிலில் இது நடக்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்த முழு விஷயத்திலும் முக்கியமான கண்டுபிடிப்பு இதுதான். "எனக்கு வெயில் ஒண்ணும் பண்ணாது" என்கிற பேச்சுக்கு இதற்கப்புறம் இடமில்லை.

வெட்டுப்பட்ட இழைகளை உடம்பு கட்டி முடிக்கிறது, ஆனால் சரியாக முடிப்பதில்லை. ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத சிறு வடு மிஞ்சுகிறது. வடுக்கள் சேரச் சேர இன்னொன்று நடக்கிறது. கயிற்றுக் கட்டிலில் நாலைந்து கயிறு அறுந்தால் மிச்சக் கயிறும் தொய்ந்து உட்கார்ந்துவிடுமே, அப்படி அடித்தோலின் பின்னலும் தொய்கிறது. ஃபைப்ரோபிளாஸ்ட் செல் அந்த இழைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு விறைப்பாக இருந்தால்தான் ஒழுங்காகக் கொலாஜன் நெய்யும். பிடிமானம் போனதும் செல் சுருங்கிவிடும். சுருங்கிய செல் நெய்வதைக் குறைத்து, வெட்டும் நொதியை இன்னும் கூட்டிவிடும். ஒரு கட்டத்துக்குமேல் வெயில் இல்லாமலேயே இந்தச் சிதைவு தன்பாட்டில் ஓடும். கொலாஜன் குறைந்த இடத்தில், தோலை இழுத்தால் திரும்பப் படிய வைக்கும் எலாஸ்டின் இழைகள் முறுக்கிக்கொண்டு கட்டி கட்டியாகச் சேரும். வயதான விவசாயிகளின் பின்கழுத்தைக் கவனித்துப் பாருங்கள். தோல் தடித்து, ஆழமான கோடுகள் குறுக்கே ஓடி, சாய்சதுரக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். நாற்று நடும்போதும் களை எடுக்கும்போதும் குனிந்த நிலையில் உச்சி வெயில் நேராக விழும் இடம் அது.

கிரானைட் லோடு ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு ஓடிய எங்கள் சித்தப்பாவின் முகத்தில் வலது கன்னம் மட்டும் அதிகம் தொய்ந்திருக்கிறது, கண்ணோரச் சுருக்கமும் அந்தப் பக்கம்தான் ஆழம். வலது முழங்கை எப்போதும் கதவுக்கு மேலே. "கண்ணாடியை ஏத்தி விட்டுக்கலாமே சித்தப்பா" என்றால், "ஏத்தினா புழுங்குதே கண்ணு, என்ன பண்றது" என்பார். ஏற்றினாலும் ஏ வகை வந்துகொண்டுதான் இருக்கும். 2012இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் 28 ஆண்டு லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் வந்தது. அவருக்கு இடது பக்கம் மட்டும் மடிப்பும் தடிப்புமாக, வலது பக்கம் பத்து இருபது வயது இளமையாகத் தெரியும். அங்கே ஓட்டுநர் உட்காருவது இடது பக்கம். நம் ஊரில் வலது. தேசிய நெடுஞ்சாலை டீக்கடை எதிலும் இதைப் பார்க்கலாம்.

ஏ வகை இன்னும் சில வேலைகளைச் சத்தமில்லாமல் செய்கிறது. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி டி.என்.ஏ. உண்டு. அதற்குக் கருவில் இருப்பதுபோல் இருமங்களை வெட்டியெடுக்கும் ஏற்பாடு இல்லை. வெயில் பட்ட தோலில் அந்த டி.என்.ஏ.விலிருந்து 4,977 எழுத்துகள் கொத்தாகக் காணாமல் போயிருப்பது அதிகமாகத் தென்படுகிறது. அப்புறம், அடிபட்ட செல்களில் சில சாவதும் இல்லை, பிரிவதும் இல்லை. அப்படியே நின்றுவிட்டு, அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் கொலாஜனை வெட்டும் நொதிகளையும் அக்கம்பக்கத்துக்குக் கசிய விட்டுக்கொண்டே இருக்கும். மூத்த செல் ஒன்று தன்னைச் சுற்றியுள்ள நல்ல செல்களையும் மூப்படையச் செய்கிறது.

நம் தோல் கறுப்பு, நமக்கு இதெல்லாம் வராது என்று நிறையப் பேர் உறுதியாக நம்புகிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. மெலனின் நிறைந்த தோல் கதிரில் பெரும்பங்கை மேலேயே நிறுத்திவிடும். மெல்லிய சுருக்கங்கள் நமக்கு வெள்ளைக்காரர்களைவிடப் பல ஆண்டு தள்ளித்தான் வரும். ஆனால் அவர்கள் நாட்டு வெயிலில் வாரக்கடைசியில் மட்டும் நிற்பவரின் கணக்கு வேறு. கோடையில் நடுப்பகல் புற ஊதாக் குறியீடு (புற ஊதாவின் பலத்தைச் சொல்லும் எண்) 11ஐத் தாண்டும் நம் ஊரில், நாள் முழுக்க, வருடம் முழுக்க நிற்பவரின் கணக்கு வேறு. மெலனினுக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. 2015இல் யேல் பல்கலைக்கழகத்தின் சஞ்சய் பிரேமி, டக்ளஸ் பிராஷ் குழு மெலனின் உள்ள செல்களில் ஏ வகைக் கதிரை நிறுத்திய பிறகும் மூன்று மணி நேரத்துக்கு மேல் புதுப்புது இருமங்கள் உண்டாகிக்கொண்டே இருப்பதைக் காட்டியது. கதிரால் பிறந்த வினைமிகு மூலக்கூறுகள் மெலனினைச் சிதைக்கின்றன, அந்தச் சிதறலில் வெளிப்படும் சக்தி இருட்டிலேயே டி.என்.ஏ.வைத் தாக்குகிறது. நிழலுக்கு வந்து மோர் குடித்துக்கொண்டிருக்கும்போதும் காலை வெயிலின் வேலை முடிந்திருக்காது.

நம்மவர்களுக்கு வெயில் மூப்பு முதலில் நிறமாகத்தான் தெரியும். கன்னத்து எலும்பின் மேல், நெற்றியில், மேலுதட்டுக்கு மேல் படரும் மங்கு. ஹார்மோனும் பரம்பரையும் அதில் சேரும். தூண்டிவிடுவது பெரும்பாலும் வெயில். கண்ணுக்குத் தெரியும் நீல வெளிச்சம்கூட நம் தோலில் மங்கைக் கூட்டும், அதனால் நிறமில்லாத சன்ஸ்கிரீனைவிட இரும்பு ஆக்சைடு கலந்து லேசான தோல் நிறத்தில் வருவது மங்குக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் நடப்பது என்ன? மெடிக்கல் ஷாப்பில் "மங்குக்கு ஒரு டியூப் குடுங்க" என்று கேட்டு, ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கி மாதக்கணக்கில் தடவுகிறார்கள். எங்கள் சொந்தத்திலேயே ஒருத்திக்கு இப்படி ஆனது. சீட்டே கேட்காமல் கடையில் எடுத்துக் கொடுத்தார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆனது. அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, ரத்த நரம்புகள் தெரிய ஆரம்பித்து, நிறுத்தினால் எரிச்சல் தாங்கவில்லை. ஸ்டீராய்டும் கொலாஜன் நெய்வதைத்தான் தடுக்கிறது. வெயில் பாதி செய்ததை அந்த டியூப் முடித்துவைக்கிறது. எனக்கு இதில் ரொம்பக் கோபம் உண்டு. கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும்போது தோல் மருத்துவரைப் பார்க்காமல் முகத்தில் எதையும் தடவ வேண்டிய தேவையே இல்லை.

சன்ஸ்கிரீன் உண்மையிலேயே பயன் தருமா என்று மாணவிகள் கேட்பார்கள். தரும். ஆஸ்திரேலியாவின் நம்பூர் ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினரைத் தினமும் பூசச் சொல்லி, நாலரை ஆண்டு கழித்துப் புறங்கையில் சிலிகான் அச்சு எடுத்து ஒப்பிட்டார்கள். தினமும் பூசியவர்களிடம் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவு. 2013இல் அந்த முடிவு வெளியானது. டியூபில் எஸ்.பி.எஃப். எண் முக்கியமாகப் பி வகைக்கு. ஏ வகைக்கு பி.ஏ. என்று போட்டுப் பக்கத்தில் உள்ள கூட்டல் குறிகளைப் பார்க்க வேண்டும். ஆனால் சோதனையில் பூசும் அளவுக்கு உடம்பு முழுக்கப் பூச 30 மில்லிக்கு மேல் வேண்டும், வியர்த்தால் மறுபடி பூச வேண்டும். கூலிக்குப் போகும் பெண்ணிடம் இதைச் சொல்வது நியாயமே இல்லை.

அவர்களிடம் இதைவிட நல்லது ஏற்கெனவே இருக்கிறது. புடவைக்கு மேல் வீட்டு ஆம்பளைங்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. நெருக்கமான நெசவும் அடர்ந்த நிறமும் கொண்ட சட்டை பெரும்பாலான களிம்புகளைவிட நன்றாகத் தடுக்கும். வெளுத்த, நைந்த வெள்ளைப் பருத்தியில் கணிசமாக ஊடுருவும், நனைந்தால் இன்னும் மோசம். அதனால் அம்மா பழைய வெள்ளைச் சட்டையைத் தோப்புக்கு எடுத்தால் நான் மாற்றி நீலச் சட்டையைக் கொடுத்துவிடுவேன். காலரைத் தூக்கிவிடச் சொல்வேன், பின்கழுத்துக்காக.

சட்டையைவிடப் பெரிய விஷயம் நேரம். நம் பக்கம் சூரியன் உச்சிக்கு வருவது ஏப்ரலில் 12.15 வாக்கில். நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் புற ஊதா பலமாக இருக்கும் நேரம். பறிப்பைக் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்துப் பத்தரைக்குள் முடித்துவிட்டு, தரம் பிரிப்பதையும் பெட்டி கட்டுவதையும் மரநிழலில் வைத்துக்கொண்டால் கூலியும் குறையாது, காயும் வாடாது. எங்கள் தோப்பில் இப்போது அப்படித்தான். மண்டிக்கு லோடு ஏற்ற வரும் வண்டிக்காரர்கள் மட்டும் மதியம்தான் வருவோம் என்று நிற்கிறார்கள், அவர்களோடு பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் அட்டவணையிலேயே வேலை நடக்கும் இடத்தில் குடிநீர், குழந்தைகளுக்கு நிழல், ஓய்வு நேரம், முதலுதவிப் பெட்டி எல்லாம் எழுதியிருந்தார்கள். தனியார் தோப்பு, குவாரி, கட்டட வேலை எல்லாவற்றிலும் 11 முதல் 3 வரை பெரியவர்களுக்கும் நிழல் வேலை என்று மேஸ்திரிகள் மனது வைத்தால் நாளைக்கே செய்யலாம்.

ஏற்கெனவே போனதில் கொஞ்சம் மீட்கவும் முடியும். டிரெட்டினாயின் என்ற மருந்து, வெட்டும் நொதிகள் ஏறுவதைத் தடுப்பதையும் மிச்சிகன் குழு காட்டியிருக்கிறது. இரவில் மட்டும், மருத்துவர் சொல்லும் அளவில் பூச வேண்டும், கர்ப்பிணிகள் தொடக் கூடாது. ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண், அளவோ நிறமோ மாறும் மச்சம், தொட்டால் ரத்தம் கசியும் தடிப்பு இருந்தால் களிம்பு எதையும் தேடாமல் நேராகத் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.